அத்தாவின் முகத்தை வைத்து வாங்கிய கடன்

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
11.1.2026

அன்பு மகன் ரஷாதுக்கு அம்மா பதுருன்னிசா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஷாஸியாவும் பேத்தி ஹாஃபிஸாவும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் நல்லபடியாக இருக்க அல்லாஹ் அருள்புரிய வேண்டும். இங்கே உன் அத்தாவும் நானும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். ஒரு வாரமாக உறைபனி கொட்டுகிறது, விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அத்தாவுக்கு முழங்கால் வலிதான் காலையில் படுத்துகிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் ஒன்பது மணிக்கெல்லாம் கடைக்குக் கிளம்பிவிடுகிறார். கிறிஸ்துமஸ் லீவில் வியாபாரம் மோசமில்லை, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் நன்றாகப் போயின. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறாய், நானும் உன் குரலைக் கேட்டதும் இளகிப்போய் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கிற கல்சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இருபத்தேழு வருடமாக ஐப்பசி மழைக்கு முன்னால் அத்தா அந்தச் சுவரில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளையெல்லாம் கம்பியால் குத்தி மண்ணும் வேரும் எடுத்துவிடுவார், பிறகு கூரையில் ஏறித் தகரத்து ஆணிகளுக்கு ரப்பர் வாஷர் மாற்றுவார், மூட்டு மூட்டாகத் தார் வைப்பார், தண்ணீர் ஓடுகிற தகரக் குழாயிலிருந்து தைலமர இலையைக் கூடை கூடையாக அள்ளிப் போடுவார். சின்ன வயதில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீதானே. மேல்வீட்டு டீச்சர் ஒரு ஆணி ஓட்டையைப் பார்க்காமல் விட்டு உத்தரம் உளுத்துப்போய் மூன்றரை லட்சம் செலவழித்தார்கள், நம் வீட்டுக்கு இத்தனை வருடத்தில் மொத்தமே அவ்வளவு ஆகியிருக்காது. போன ரமலான் பெருநாளுக்கு நீ தனியாக வந்திருந்தபோது அத்தா நொண்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்து, இனிமே நீங்க கூரையில ஏறக் கூடாது அத்தா, ஆள் விட்டுச் செய்வோம், செப்டம்பருல நான் பணம் அனுப்புறேன் என்றாய். அதை அவர் கடைத்தெருவில் டீ குடிக்கிற இடமெல்லாம் சொன்னார். செப்டம்பர் போயிற்று. நாமே ஒரு ஆளைக் கூப்பிடுவோம் என்று நான் சொன்னதற்கு, புள்ள சொல்லிட்டுப் போயிருக்கான், நாம முந்திக்கிட்டா அவன் மனசு சங்கடப்படும் என்று பொறுத்துக்கொண்டே இருந்தார். அக்டோபர் மழை உனக்காகப் பொறுக்கவில்லை. பத்து நாள் விடாமல் அடித்ததில் உள்ளே தண்ணீர் கட்டிக்கொண்டு சுவர் நடுவில் புடைத்துவிட்டது, ஒரு மத்தியானம் நான் துணி எடுக்கப் போனபோது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் என் கை போகிற அளவுக்கு விரிசல். பள்ளங்கியிலிருந்து கொத்தனார் பழனிச்சாமியைக் கூப்பிட்டோம். அவர் பார்த்துவிட்டு, பாய், வெள்ளனே ஒரு ஆள விட்டு ஓட்டையக் குத்திருந்தா ஆயிரம் ரூவாச் சோலி, இப்ப செவுரு வயிறு தள்ளிக் கெடக்கு, பூராத்தையும் பிரிச்சுத்தான் கட்டணும், ரெண்டரை லட்சம் ஆகுமுங்க என்றார். அத்தா உன் பேரை அவரிடம் எடுக்கவே இல்லை, மறந்துட்டேன் பழனி என்று தன் மேல் போட்டுக்கொண்டார்.

கையில் ஒன்றரை லட்சம் இருந்தது. மீதிக்குப் பேங்கில் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். உன் அத்தா கடனே வாங்காத மனுஷன் இல்லை, அது உனக்கும் தெரியும். மதுரை மொத்த வியாபாரியிடம் நாற்பத்தைந்து நாள் கெடுவில்தான் சரக்கு எடுக்கிறார், நாற்பதாம் நாள் பணம் போய்ச் சேர்ந்துவிடும், ஒரு தடவைகூட அவர்கள் போன் போட்டுக் கேட்டதில்லை. சரக்குக்கு வாங்குற கடன சரக்கே வித்து அடைச்சுரும், சோத்துக்கும் சட்டைக்கும் வாங்குனா நம்ம ஒடம்புதான் அடைக்கணும் என்பார். ஆனால் பேங்கில் போய்க் கடன் என்று கேட்டதே இல்லை. அதனால் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடைச் சிட்டை, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் அடுக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சௌம்யா என்று ஒரு பெண் கடன் பகுதியைப் பார்க்கிறாள், உன் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, சார், உங்க பேர்ல ஏற்கெனவே நாலு லட்சம் லோன் ஓடிக்கிட்டு இருக்குங்க, செப்டம்பர்லருந்து மூணு தவணை கட்டலை, அதனால புதுசா தர முடியாதுங்க என்றாள். அத்தா சிரித்தார். அது என் பேருல உள்ள வேற சேக் பரீதா இருக்கும்மா, பழனிப் பக்கம் நெறயப் பேரு இருக்காங்க என்றார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ரஷாத், அதில் அத்தாவின் முகம் இருந்தது. பெருநாளுக்கு மறுநாள் முன்வாசல் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க அத்தா, இப்ப வலது பக்கம், கண்ணச் சிமிட்டுங்க என்று போனை நீட்டிக்கொண்டு நின்றாயே, அன்றைக்கு எடுத்தது. பேத்திக்கு அனுப்பப் படம் எடுக்கிறாய் என்று நினைத்து அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்போடேயே பேங்குத் திரையில் இருந்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நான் அடுக்களையில் நெய்ச்சோறு கிளறிக்கொண்டிருந்தேன், நீ வாசலிலிருந்தே, அம்மா ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், வெரசாச் சொல்லுங்க என்றாய். நான் கரண்டியைக் கீழே வைக்காமலே ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். அதில் ஒன்றைத் தப்பாகச் சொல்லி, நீ திரும்பச் சொல்லச் சொல்லி, திருத்தியும் சொன்னேன். என் நம்பரில் இருந்த அத்தாவின் பழைய பேங்குக் கணக்கை உன் போனில் நீதான் பார்த்துக்கொண்டாய், லோன் பணம் வந்ததும் எங்களுக்குத் தெரியாது, போனதும் தெரியாது. தவணை நின்றதும் யார் யாரோ என் போனுக்கு இந்தியில் கூப்பிட்டார்கள், அத்தா ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சௌம்யா நல்ல பெண். அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, சார், இது உங்களுக்குத் தெரியாம யாராவது எடுத்திருந்தா ஒரு புகார் எழுதிக் குடுங்க, போலீஸ்ல விசாரிப்பாங்க, உங்க மேல தப்பு வராது என்றாள். அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர், இல்லம்மா, நாந்தான் வாங்குனேன், வயசாயிருச்சுல்ல, மறந்துபோச்சு என்றார். கடைத்தெருவில் முப்பது வருடம் தராசு சாயாமல் வியாபாரம் பண்ணினவர், ஒரு சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார். அவள் நம்பவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்தப் படத்தைக் கொஞ்சம் மறச்சுரும்மா என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்தார். ஏரிச்சாலை வழியாக நடந்தே வந்தோம், ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து நான் அந்த நம்பர் சொன்ன கதையைச் சொல்லி அழுதேன். நீ நம்பரச் சொன்ன, நான் கண்ணச் சிமிட்டுனேன், பெத்த புள்ள கேட்டா வேற என்ன செய்வோம் என்றார்.

மறுநாள் நான் உன்னைக் கூப்பிட்டேனே, நினைவிருக்கிறதா. முதலில் எந்த லோன் என்றாய், பிறகு ரெண்டு கிரெடிட் கார்டுல கடன் ஏறிப்போச்சும்மா, குறைஞ்ச தொகை மட்டும் கட்டிக்கிட்டு வந்தேன், வட்டி மேல வட்டி போட்டுட்டாங்க, ஒரு கார்ட அடைக்கத்தான் இதை எடுத்தேன் என்றாய். அடைத்த கார்டில் மறுபடியும் வாங்கினாயா என்று கேட்டதற்கு, ரெண்டு மாசத்துல சரி பண்ணிர்றேன், அத்தாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க என்றாய். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன் மகனே. அத்தா எனக்கு எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நீ அதைச் சொன்னதும் கையில் இருந்த பல்லை முழுசாக உரித்து முடித்து முறத்தில் போட்டுவிட்டு எழுந்து பின்னால் போய்விட்டார். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நீ அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆ முபாரக் படம் அனுப்புகிறாய், செவுரு வேலை என்னத்தா ஆச்சு என்று கேட்கிறாய். அவரும் அல்ஹம்துலில்லாஹ் முடிஞ்சுதுப்பா என்று பதில் போடுகிறார். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்வதை நடுவில் உட்கார்ந்து இரண்டு மாதம் பார்த்துவிட்டேன், இனி முடியாது.

சுவர் எப்படி முடிந்தது என்றும் தெரிந்துகொள். கையில் இருப்பதற்குள் செய்ய வழி உண்டா என்று அத்தா கேட்டதற்கு, பழனிச்சாமி இரண்டு நாள் யோசித்து, மேலே இருந்த மண் பாரத்தை இறக்கிவிட்டு, புடைத்த நடுப்பாகத்தை மட்டும் பிரித்து, அதே கல்லை வைத்து, நாலு இஞ்சுக் குழாய்கள் பதித்துக் கட்டிக் கொடுத்தார். ஒரு லட்சத்துக்குள் முடிந்தது. ஒரு சித்தாள் கூலியைக் குறைக்க வேண்டும் என்று அத்தா பதினோரு நாள் அந்த முழங்காலோடு கல் எடுத்துக் கொடுத்தார். மிச்சப் பணம் உன்னுடைய நின்றுபோன தவணைகளுக்குச் சரியாகப் போயிற்று. மாதம் பதினாலாயிரம் தவணை கடை வருமானத்தில் தாங்காது, அதனால் கடையின் முன்பாதியைத் தமயந்தி என்று ஒரு அம்மாவுக்குச் சாக்லேட் விற்க வாடகைக்கு விட்டிருக்கிறார். வெயில் படுகிற பக்கம் அவர்களுக்கு, அத்தா உள்பக்கம் இருட்டில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்கிறவர்களிடம், ரெண்டு பக்கமும் பாக்க முடியலப்பா என்கிறார். இன்னும் இருபத்தெட்டு மாதம் இருக்கிறது.

நாலு லட்சத்துக்காக மட்டும் இவ்வளவு எழுதவில்லை. அத்தா, கழுத்து வரைக்கும் முங்கிட்டேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடையையே விற்றிருப்பார், சந்தோஷமாக விற்றிருப்பார். நீ கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாய். எங்கள் முகத்தையும் வாயையும் எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எங்களோடு உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு கார்டில் ஒன்றை வெட்டிப் போடு. மற்றதில் மாதக் கடைசியில் முழுதாகக் கட்ட முடிகிற அளவுக்குத்தான் வாங்கு. குறைந்த தொகை கட்டுவதைக் கட்டியதாகக் கணக்கு வைத்துக்கொள்ளாதே. ஷாஸியா ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது, ஹீட்டர் பில் எகிறுகிறது என்று மூன்று மாதமாகச் சொல்கிறாள், அடுத்த மாதம் என்கிறாயாம். அந்த இடுக்கை அடைக்கிற டேப் என்ன பெரிய விலையா, இந்த ஞாயிற்றுக்கிழமையே அடைத்துவிடு, மிச்சமாவதைத் தவணையில் சேர். கார்டு விஷயம் அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை, நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லு. ஐந்தாம் தேதி தவணை, மூன்றாம் தேதிக்குள் கடைக் கணக்குக்கு உன் பேரிலேயே அனுப்பு, பிள்ளை வளர்கிற வீட்டில் செலவு இருக்கும் என்று எனக்கும் தெரியும், முழுசாக முடியாவிட்டால் பாதியாவது அனுப்பு, ஆனால் தேதி தவறக் கூடாது.

அதற்கு முன்னால் அத்தாவிடம் பேசு. கடை போனுக்குக் கூப்பிடு, இங்கே சாயங்காலம் ஏழு மணி, உனக்குக் காலை எட்டரை, மஃரிப் தொழுதுவிட்டு அவர் சும்மாதான் இருப்பார். சாக்கு ஒன்றும் சொல்லாதே, நாந்தான் எடுத்தேன் அத்தா என்று சொல், போதும். அவர் கோபப்படமாட்டார், அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் கேட்டுக்கொள். அந்த வெள்ளிக்கிழமைப் படம் மட்டும் இனி அனுப்பாதே.

அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியும் ரிஸ்கும் ஹலாலான வருமானமும் நீண்ட ஆயுளும் தர வேண்டும், உன் வீட்டில் பரக்கத் இறங்க வேண்டும், ஹாஃபிஸா உன்னிடம் எதையும் மறைக்காத பிள்ளையாக வளர வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. போன வாரம் நானும் அத்தாவும் போய், பேங்கிலும் ஆதாரிலும் இருந்த என் போன் நம்பரை மாற்றிவிட்டு வந்தோம், பழைய சிம்மை எடுத்துவிட்டேன். புது நம்பர் என்ன என்று அத்தாவிடம் கேட்காதே, அவர் சொல்லிவிடுவார். கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிற அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
சே. பதுருன்னிசா