மேயர் ஓடு கடிக்கும் சத்தம்

ஏப்ரல் 4

மணி பதினொன்றரை. இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும் — யாரிடம் கேட்கிறேன் மன்னிப்பு? நோட்டிடமா? இது என் கணவன் ஆண்டர்ஸின் மீன் தொட்டி நோட்டு. தண்ணீர் மாற்றிய தேதி, மீனுக்குப் போட்ட தீனி, இரண்டை மட்டும் எழுதிவை என்று சொல்லிவிட்டுச் சரக்குக் கப்பல் வேலைக்குக் கிளம்பினான். ஐந்து மாதக் குழந்தை சிக்னி தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது.

எட்டடித் தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன். ஆப்பிரிக்க ஆற்றுப் பேத்தை மீன், இரண்டடி நீளம், பெயர் மேயர். கூட எதை விட்டாலும் கடித்துத் தின்றுவிடுமாம்.

“மூணு மாசம்தான் ஹைடி. ஜூன் கடைசியில வந்துருவேன். வாரத்துக்கு நாலு தடவ மட்டிச் சிப்பி. ஓட்டோட போடு, மறந்துராத.” கதவருகே நின்று அவன் கடைசியாகச் சொன்னது இது. சிக்னிக்கு முத்தம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

ஏப்ரல் 11

பாதித் தண்ணீர் மாற்றினேன். கம்பளம் நனைந்தது. முதுகு போயிற்று.

ஏப்ரல் 15

மேயர் மட்டி ஓட்டைக் கடிக்கும் சத்தம், யாரோ பீங்கான் தட்டைக் காலால் மிதிப்பது போல இருக்கிறது. எங்கள் படுக்கையறைக்கும் தொட்டிக்கும் நடுவே அட்டை மாதிரி ஒரு சுவர். சிக்னி தூங்கும்போது தீனி போட்டால் விழித்துக்கொள்கிறாள். விழித்திருக்கும்போது போட்டால் வீரிட்டு அழுகிறாள். நேற்று மொத்தமாக நான் தூங்கியது மூன்று மணி நேரம். எங்கள் ஊர் டுலூத்தில் இன்னும் பனி கரையவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நடக்க?

இன்று கத்தியால் மட்டிகளைப் பிளந்து சதையை மட்டும் போட்டேன். சத்தமே இல்லை. மேயர் கண்ணை உருட்டி என்னைப் பார்த்துவிட்டு விழுங்கியது. சிக்னி இரண்டு மணி நேரம் தூங்கினாள். நானும்.

ஏப்ரல் 29

மாமியார் லோரெய்ன் வந்தார். நான் மட்டி உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

“அடேங்கப்பா! மேயருக்கு ஊட்டியே விடுறியா? எம் மகன் சாப்பிட்ட தட்டக்கூட நீ கழுவி நான் பாத்ததில்லையே.”

“உங்க மகன் ஓடு கடிக்க மாட்டார்ல, லோரெய்ன். அதான்.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 8

போன். கப்பலில் சிக்னல் கிடைத்த ஐந்து நிமிடம்.

“மேயர் எப்படி இருக்காரு?”

“நல்லாருக்காரு.”

“ஓட்டோடதான போடுற?”

“ஆமா.”

“சிக்னி?”

“அவளும் நல்லாத்தான் இருக்கா.”

நீ தூங்குகிறாயா என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஆமா என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது!

மே 19

மேயர் தீனியைக் கவ்வித் துப்புகிறது. இரண்டாவது நாள்.

மே 27

பத்து நாளாக ஒன்றும் உள்ளே போகவில்லை. வயிறு ஒட்டிவிட்டது. இன்று கண்ணாடி அருகே வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன். பற்கள் கிளி மூக்கு மாதிரி வளைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. வாயை மூட முடியவில்லை. படம் எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மில்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஓடு போடலையாம்மா?”

“சதை மட்டும்.”

“எத்தன நாளா?”

“ஆறு வாரம்.”

“இதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். ஓட்டக் கடிச்சாத்தான் தேயும். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமே! போன வருசம்கூட அவரே வெட்டி விட்டாரே.”

கிராம்பு எண்ணெயில் மயக்கி, பல்லைக் கட்டிங் பிளேயரால் வெட்ட வேண்டுமாம். இரண்டு பேர் வேண்டும். மீன் பார்க்கிற டாக்டர் பக்கத்தில் எங்கும் இல்லை. “அவரக் கேட்டுச் செய்ங்க. பட்டினி கெடந்த உடம்பு, மயக்கத்தத் தாங்குமான்னு சொல்ல முடியாது” என்றார்.

அவனைக் கேட்க வேண்டும். கேட்டால், ஆமா என்று நான் சொன்னது வெளியே வரும்.

ஜூன் 2

கேட்கவில்லை. இரண்டு முறை பேசினான். இரண்டு முறையும் “நல்லாருக்காரு” என்றேன். என்ன மாதிரிப் பெண் நான்?

ஜூன் 7

இன்னும் தள்ளினால் பட்டினியிலேயே செத்துவிடும். லோரெய்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “டப் எங்க இருக்கு?” என்றார்.

மில்ட் எழுதித் தந்தபடிதான் கலந்தேன். ஒவ்வொரு சொட்டையும் வாய்விட்டு எண்ணினேன். மேயர் மெல்லச் சாய்ந்தது. லோரெய்ன் ஈரத் துண்டால் பிடித்துக்கொண்டார். “பெத்த பிள்ளைய பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்பகூட நான் இவ்வளவு பயந்ததில்லடி” என்றார். மேலே ஒன்று, கீழே ஒன்று. டக், டக். பல் சுத்தமாக வெட்டுப்பட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் மேயர் மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. செவுளுக்குள் தண்ணீர் போகட்டும் என்று அதைத் திரும்பத் தொட்டியில் விட்டு, தோள்வரை கையை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். முக்கால் மணி நேரம். உள்ளே சிக்னி அழுதாள். போகவில்லை. போகாமல் மீனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் லோரெய்ன்தான் என் கையை வெளியே இழுத்தார்.

“போதும்மா. பிள்ளைக்குப் பால் குடு.”

கொல்லையில் அவரே குழி வெட்டினார்.

ஜூன் 12

“மேயரோட வீடியோ ஒண்ணு அனுப்பேன்” என்று ஆண்டர்ஸிடமிருந்து செய்தி. மார்ச்சில் எடுத்தது போனில் இருந்தது. அனுப்பினேன்.

“ஆளு சும்மா கும்முனு இருக்காரே! பாத்தியா, உன்னால முடியும்னு சொன்னேன்ல?”

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவன் என்னைப் பாராட்டியது இரண்டாவது முறை. செத்த மீனுக்கு.

ஜூன் 20

லீவைத் தள்ளிப்போட்டுவிட்டான். இன்னொரு மாதம் கப்பலிலேயே. என்னைக் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னான். “கீழ்த்தளத்துல மேயருக்குப் பெரிய குளம் மாதிரி ஒண்ணு கட்டணும். அதுக்குத்தான் இந்த எக்ஸ்ட்ரா மாசம்.” குரலில் அத்தனை சந்தோஷம்! சிக்னி குப்புற விழுந்து தவழப் பார்க்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சிக்னல் போயிற்று.

ஜூன் 23

போனில் பேசினால் மறுபடி பொய்தான் வரும். எழுதியே அனுப்பப் போகிறேன். கப்பல் டெட்ராய்ட் வழியாகப் போகும்போது தபால் படகு கொண்டு போய்க் கொடுக்கும். கீழே எழுதுவதைக் காலையில் தாளில் நகல் எடுக்க வேண்டும்.

ஆண்டர்ஸ், மேயர் ஜூன் 7-ஆம் தேதி செத்துவிட்டது. ஏப்ரலிலிருந்து நான் ஓடு போடவில்லை. சத்தத்தில் சிக்னி தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. பல் வளர்ந்தது. நானும் உன் அம்மாவும் வெட்டினோம். அது எழுந்திருக்கவில்லை. நான் அனுப்பியது பழைய வீடியோ. உன்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும். அது என் தப்பு, முழுக்க என் தப்பு. அதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், கேட்டுக்கொள்கிறேன்.

தொட்டியை மில்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்தில் சிக்னியின் கட்டில் போட்டிருக்கிறேன். இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குளம் கட்ட வேண்டியதில்லை, ஆகையால் அந்த எக்ஸ்ட்ரா மாதமும் வேண்டியதில்லை.

முன்பு சொன்ன தேதிக்கே வருகிறாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு.