எல்லைக்கல்லோடு நின்ற வாய்க்கால்

ஜூலை 9, 2025
பொக்லைன் இன்று எல்லைக்கல் வரை வந்து நின்றுவிட்டது. பக்கத்து ஊர் மேலையூர் வரைக்கும் வாய்க்காலைத் தூர்வாரியவர்கள், எங்கள் ஊருக்குள் ஒரு கூடை மண்கூட அள்ளாமல் திரும்புகிறார்கள். ஓட்டுநரை மறித்தேன். "லிஸ்ட்ல உங்க ஊரு இல்லக்கா, நான் என்ன பண்ண?" என்கிறார். அவரைத் திட்டிப் பயனில்லை என்று தெரியும். இருந்தாலும் திட்டினேன். ஒரே வாய்க்கால், ஒரே கொள்ளிடத்துத் தண்ணீர். கல்லுக்கு அந்தப் பக்கம் ஆள் மட்ட ஆழம். இந்தப் பக்கம் சேறும் ஆகாயத்தாமரையும்.

ஜூலை 14
தாலுகா ஆபீஸில் மூன்று மணி நேரம் நின்றேன். கடைசியில் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க ஊரு டெல்டாவுல வராதும்மா. மானாவாரின்னுதான் இருக்கு" என்றார். மழையை மட்டும் நம்பிய ஊராம். ஆற்றங்கரையில் இருக்கிற நாங்கள்!

"கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்ப எங்களை ஸ்கூல்ல கொண்டுபோய் அடைச்சீங்களே சார், அப்ப மட்டும் டெல்டாவா?"

"அது வேற லிஸ்ட்டும்மா."

சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காலையிலிருந்து சாப்பிடாமலேயே பஸ் ஏறினேன்.

ஜூலை 15
என் வீட்டுக்காரர் ராசாங்கம் ரெட்டிபாளையத்தில் ஷிஃப்ட் முடித்து வந்தார். "ஒண்ணேகால் ஏக்கருக்கு இம்புட்டு கத்துறியே" என்றார். சிமெண்ட் ஆலைச் சம்பளம் வருகிறவருக்கு அப்படித்தான் தோன்றும். என் அப்பா சாகும்வரை அடுத்தவர் வயலில் அறுத்தவர். என் குடும்பத்தில் சொந்த நிலத்தில் நெல் விளைவித்த முதல் ஆள் நான். அதைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 22
தண்ணீர் வந்துவிட்டது. மேலையூருக்கு.

ஆகஸ்ட் 29
நாற்றங்காலில் நுனி கருகுகிறது. அடிபம்பிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ராசாங்கத்தின் சித்தப்பா மகன் பெரியசாமி வந்தார். "மறியல்தான் அண்ணி. நீங்க முன்னாடி நில்லுங்க, ஊரே வரும்" என்றார். நிற்பேன். எங்களை மானாவாரி என்று எழுதிய கை விளங்குமா?

செப்டம்பர் 4
ஆபீஸில் நர்மதா என்று ஒரு புது கிளார்க். நல்ல பெண். என் சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பழைய கட்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். "2017ல உங்க ஊரே மனு குடுத்திருக்குங்க. அதை வெச்சுத்தான் மாத்தியிருக்காங்க."

வறட்சி வருடம். மானாவாரி என்று எழுதினால் நிவாரணம் முதலில் வரும் என்று யாரோ சொன்னார்கள். அடங்கலில், அதாவது எந்த வயலில் எந்தத் தண்ணீரில் என்ன பயிர் என்று எழுதும் பதிவில், எங்களுக்கு வாய்க்கால் பாசனமே இல்லை என்று போடச் சொல்லி மனு. மகளிர் குழுத் தலைவி என்று நான்தான் வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கினேன். அந்த ஒரு வருடத்தோடு முடிந்தது என்று நினைத்து மறந்தே போயிருந்தேன்.

மனு முழுக்க என் கையெழுத்து. முதல் பெயரும் என்னுடையதுதான், கமலவேணி.

செப்டம்பர் 5
ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று பெரியசாமி கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 7
நாற்று செத்துவிட்டது.

தூக்கம் இல்லை. சரி, நான் பொய் எழுதினேன். பசியில் எழுதினேன். ஆனால் எட்டு வருடமாக அதையே நகல் எடுத்தது யார்? ஒரே ஒரு நாள் ஒரு ஆள் வரப்பில் இறங்கி, வாய்க்காலில் கால் நனைத்திருந்தால் என் பொய் அன்றே செத்திருக்குமே! பொய்யை நம்பியதுகூட இல்லை, பார்க்கவே இல்லை. ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் புரியவில்லை.

செப்டம்பர் 8
மறியலுக்குக் கூடியவர்களிடம் சொல்லிவிட்டேன். பெரியசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல அண்ணி" என்று நகர்ந்துவிட்டார். பக்கத்து வயல் பஞ்சவர்ணம் அக்காதான், "அவ வந்து கேட்டா, நாம கைநாட்டு வெச்சோம். யாரு கையையும் புடிச்சு இழுக்கலையே. வூட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டி எடுங்க, நாமளே வெட்டுவோம்" என்றார்.

செப்டம்பர் 19
பதினோரு நாள். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. பெரியசாமியும் வந்து வெட்டினார், என்னிடம் பேசாமல்.

அக்டோபர் 6
மற்றவர்கள் மேலையூரில் நாற்று வாங்கி நட்டுவிட்டார்கள். என் வயல் வாய்க்காலின் கடைசி. அங்கே தண்ணீர் எட்டும்போது பருவம் தாண்டிவிட்டது.

அக்டோபர் 24
வாய்க்கால் பாசனம் என்று மாற்றச் சொல்லி நாங்கள் கொடுத்த புது மனுவைப் பார்த்து வி.ஏ.ஓ. வந்தார். ரோட்டில் பைக்கை நிறுத்தி, உட்கார்ந்தபடியே, "எல்லாம் வாய்க்கால் பாசனம், சம்பாதானே? எழுதிக்கிறேன்" என்றார்.

"இறங்கி வாங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஷூவைக் கழற்ற வைத்து ஒவ்வொரு வரப்பாக நடக்க விட்டேன். வாய்க்காலில் இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. எழுதினார்.

கடைசியாக என் வயல். பஞ்சவர்ணம் அக்கா என் முதுகில் இடித்தார். "சம்பான்னே சொல்லிடு புள்ள. நாளைக்கு வெள்ளம் கிள்ளம் வந்தா நிவாரணத்துக்கு ஆகும்."

"தரிசு சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.