டிராக்டருக்கு வைத்த சந்தனம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்ரீவித்யாவின் வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இன்று காலை காபிகூடக் குடிக்காமல் கல்லூரித் தோட்டத்துக்குப் போய், பழைய டிராக்டரின் பேட்டரியைக் கழற்றினேன். ஆயுத பூஜையிலிருந்து வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி.

போன வாரம், “பழைய வண்டி, பழைய டிரைவர், ரெண்டையும் மாத்திடலாம் மேடம்” என்றார் மேனேஜர். “பூஜைக்குத் துடைச்சிட்டு பேட்டரிய நான் ஒழுங்காத்தான் மாட்டினேன் சார். மேடம்தான் பொட்டெல்லாம் வெச்சாங்க” என்று டிரைவர் வில்பிரட் அண்ணன் சிரித்தார். தோட்டப் பொறுப்பாளரான நான் மேனேஜர் சொன்னதற்கே தலையாட்டினேன். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பேட்டரி முனைகளில் நான்தான் சந்தனத்தை அப்பியிருக்கிறேன். அதன்மேலேயே வயர் கிளாம்பை முடுக்கியதால், காய்ந்த சந்தனம் கரண்டைத் தடுத்திருக்கிறது. சுரண்டி எடுத்துத் திரும்ப மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அணைத்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

மற்றபடி நன்றாக இருக்கிறேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. தவறு என்னுடையது என்று மேனேஜரிடம் இன்றே சொல்லிவிட்டு, இரும்புலியூரில் வில்பிரட் அண்ணன் வீட்டுக்குப் போய் அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடப் போகிறேன். என் வேலையே போகலாம். இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது.

உங்கள் வித்யா