கலைந்த சவ்வு

புதன்கிழமை, இரவு

வையம்பட்டியிலிருந்து அண்ணன் இன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். அவர் கத்தரிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத்தான் மூன்று வருடமாகச் சோதிக்கிறேன். மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். தோல் உயிரணுவின் சவ்வில் கொழுப்பு திட்டுத்திட்டாக ஒழுங்காக இருந்தது. மருந்து பட்டதும் திட்டுகளின் ஓரம் கரைந்து எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

"நான் வெறுங்கையாலதாம்மா கலக்குறேன்," என்றார், கண்ணை எடுக்காமல். "கழுவிட்டா பழையபடி சேந்துடுமா?"

"இன்னும் பாக்கலண்ணே."

"மூணு வருசமா என்னதான் பாத்தே?"

கோபமில்லாமல்தான் கேட்டார். எவ்வளவு மருந்தில் கலைகிறது என்று மட்டுமே அளந்துகொண்டிருந்தேன். மீளுமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

பஸ் ஏற்றிவிடும்போது கையுறை வாங்கிக் கொடுத்தேன். மாட்டிக்கொள்வாரா, தெரியாது. காலையில் முதல் வேலையாக மருந்தைக் கழுவிப் பார்க்கவேண்டும். சேராவிட்டால் அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.