அதுக்கு வேற ஆளுங்க

நேற்று உன் அப்பா வந்துவிட்டுப் போனார். நான் மேல்மாடியில் அறைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடச் சொல்லாமல், ஓட்டல் கேட்டில் செக்யூரிட்டியிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, செங்கல்பட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாராம். பிரித்துப் பார்த்தால் புளி. கொட்டை நீக்கிய, கறுத்த பழம்புளி, செய்தித்தாளில் உருட்டிக் கட்டியது. “இன்னா சார், ஓட்டல்லயே கொழம்பு வெக்கப் போறியா?” என்று செக்யூரிட்டி சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். இன்று காலை அறையைத் திறந்ததும் அந்தப் புளிப்பு வாசனைதான் முன்னால் வந்து நின்றது.

உன் ஞாபகம் வர எனக்குப் புளி வேண்டியதில்லை. ஆனால் உட்கார்ந்து எழுத வைத்தது அதுதான். செத்தவனுக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு சௌகரியம், பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். உயிரோடிருந்த கடைசி இரண்டு வருஷமும் நீ எனக்குப் பதில் சொன்னதில்லை. ஆகவே எனக்கு இது பழகிப்போன விஷயம்தான்.

கூடுவாஞ்சேரியில் நாம் ஒரே தெரு. உன் அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் துப்புரவு வேலை. சாக்கடை அடைத்துக்கொண்டால் அவரைத்தான் இறக்குவார்கள். என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். நம் தாத்தாக்கள் இருவரும் ஒரே வயலில் கூலிக்கு நின்றவர்கள். அதற்கப்புறம் எங்கள் வீடு ஒரு படி ஏறியது, உங்கள் வீடு ஏறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு படியை என் வீட்டில் பூஜை அறை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். உன் அப்பா உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “இன்னா வேலைக்கு வேணா போ கண்ணு. குனிஞ்சு அள்ற வேலைக்கு மட்டும் போவாத.”

இருவரும் கேட்டரிங் படித்தோம். நான் முதலில் கப்பலுக்குப் போனேன், நீ ஒரு வருஷம் கழித்து வந்தாய். மிதக்கும் ஐந்து நட்சத்திர ஓட்டல் அது. அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் நான் சூப்பர்வைசர், நீ எனக்குக் கீழே. “மச்சான், இங்கியும் நீதான் மேஸ்திரியா?” என்று முதல் நாளே கிண்டலடித்தாய். அன்று சாயந்திரம் நீ செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வீடியோ காலில் உன் அப்பாவைக் கூப்பிட்டு, கடலைக் காட்டாமல், நீச்சல் குளத்தைக் காட்டாமல், நேரே ஒரு அறையின் கழிப்பறைக்குள் போய்ப் பட்டனை அமுக்கிக் காட்டினாய். கப்பலில் தண்ணீரை ஊற்றித் தள்ளுவதில்லை, காற்று உறிஞ்சி இழுத்துக்கொண்டு போய்விடும்.

“பாத்தியா நைனா? புஸ்ஸுன்னு இழுத்துக்கும்.”

“இன்னொரு தபா அமுக்கு.”

மூன்று தடவை அமுக்கினாய். “எவனும் கைய வெக்க வேணாமா?” என்று கேட்டார். “வேணாம் நைனா” என்றாய். அவர் கைதட்டினார். பல்லெல்லாம் தெரிய, சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

அடுத்த வருஷம் அந்தப் பட்டன் செத்துப்போனது. காலை நாஸ்தா நேரம். மதியத்துக்குள் சென்னைத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். பயணிகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கு போனது, ஏசி போனது, காலுக்கடியில் எப்போதும் இருக்கும் அந்த அதிர்வும் நின்றது. கப்பலில் சத்தம் வந்தால் பயமில்லை, நின்றால்தான் பயம். மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெரிய சுவிட்ச்போர்டு எரிந்துவிட்டது என்று இன்ஜின் ஆட்கள் சொன்னார்கள். ப்ரொப்பல்லரைச் சுற்றுவதும் அந்தக் கரண்டுதான், பட்டனை அமுக்கினால் இழுப்பதும் அதே கரண்டுதான். அவசர ஜெனரேட்டர் நடைபாதை விளக்குகளுக்கு மட்டும்தான் தாங்கும். கப்பல் கரைப்பக்கம் நகர ஆரம்பித்ததும் நங்கூரத்தை இறக்கினார்கள். எங்கே தெரியுமா என்று உன்னிடம் கேட்கத் தேவையில்லை. மாமல்லபுரத்துக்கு நேர் எதிரே. கலங்கரை விளக்கம் தெரிந்தது, செல்போன் டவர்கூடக் கிடைத்தது. நம் ஊர்ப் பக்கத்துக் கரையைப் பார்த்துக்கொண்டே நடுக்கடலில் நின்றோம்.

இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு சாயந்திரம் என்றார்கள். இழுவைப் படகுகளைக் கூப்பிடக் கம்பெனிக்கு மனசில்லை. கூப்பிட்டால் கப்பல் படுத்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடுமாம். இதற்குள் அத்தனை கழிப்பறையும் நிரம்பிவிட்டது. மறுநாள் காலை ஒவ்வொரு அறைக்கும் சிவப்பு பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்தோம். அதில் வெளிக்கு இருந்துவிட்டு, முடிச்சுப் போட்டு, கதவுக்கு வெளியே வைக்க வேண்டும். நம் ஆட்கள் எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கி, கீழே பின்பக்கத் திறந்த தளத்தில் டிரம்களில் போட வேண்டும். லிஃப்ட்டும் ஓடவில்லை.

“உன் பிரிவிலிருந்து ஆறு பேர் கொடு” என்றார் மேனேஜர். எழுதினேன். முதல் பெயர் உன்னுடையது.

“இவர் மறுப்பு சொல்லாமல் செய்வாரா?” என்று கேட்டார். அப்போது நான் ஆங்கிலத்தில் சொன்ன பதில்: இவன் அப்பாவுக்குத் தொழிலே இதுதான், இவனுக்குக் கஷ்டமாக இருக்காது. சொல்லிவிட்டுத் திரும்பினால் பின்னால் நீ. கையில் மடித்த வெள்ளைத் துண்டுகள். அவற்றை மேசையில் ஒழுங்காக வைத்துவிட்டு, கையுறையை எடுத்துக்கொண்டு போனாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு நிறையக் காரணம் தயார் செய்து வைத்திருந்தேன். நீ பொறுப்பானவன், மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், நேரமில்லை, இப்படி. ஒன்றுகூடத் தேறாது. இந்த வேலைக்கு யார் என்று யோசித்த உடனே என் மனசில் வந்தது உன் முகம்தான். ஒரே தட்டில் சாப்பிட்டவனை அந்தக் கண்ணோடுதான் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன். என் பெயரை எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மடையன் என்றால்கூட மன்னிப்பு உண்டு. நான் மடையன் இல்லை, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன்.

அன்று நீ எத்தனை முறை ஏறி இறங்கினாய் என்று நான் எண்ணவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு, அட்டையும் பேனாவுமாக, அறை எண்களில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். உன் காலடிச் சத்தம் கேட்டால் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. தங்கள் பைதான் அது என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. நாற்றம் உன்னுடையது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் கதவைத் திறந்து, “ஏம்ப்பா, நேத்தே வந்து எடுத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். நீ “சாரி மேடம்” என்றாய்.

பத்து மணி இருக்கும். கீழே பின்தளத்தில் நீ இரண்டு கையிலும் பைகளோடு நிற்கும்போது, சட்டைப் பையில் உன் போன் அடித்தது. கையை வைத்து எடுக்க முடியாது. “மச்சான், ஸ்பீக்கர்ல போடு” என்றாய். காலையிலிருந்து நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை. போனை எடுத்து உன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

“கண்ணு, டிவில சொன்னான், கப்பல் நின்னுட்ச்சின்னு. மாமல்லபுரம் வந்துட்டேன். பீச்சாண்டதான் நின்னுகினு கீறேன். வெள்ளையா வூடு மாதிரி தெரியுதே, அதானா?”

“அதான் நைனா.”

“எங்க, கையக் காட்டு பாப்போம்.”

உன் இரண்டு கையிலும் பை. நீ அசையவில்லை. நான்தான் கையைத் தூக்கி ஆட்டினேன்.

“தெரியுது, தெரியுது” என்றார். அந்தத் தூரத்துக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்காது. பிறகு குரல் இறங்கியது. கப்பலில் இருந்த அத்தனை பேருடைய சொந்தக்காரர்களும் அன்று போன் செய்தார்கள். சாப்பாடு இருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். தொழில் தெரிந்தவர் அல்லவா.

“கரண்ட் இல்லன்றியே கண்ணு, அந்தப் பட்டன் வேல செய்யுதா?”

“இல்ல நைனா.”

“அப்போ யாரு அள்றது?”

நீ என்னைப் பார்த்தாய். கண்ணை எடுக்காமல் சொன்னாய்: “அதுக்கு வேற ஆளுங்க கீறாங்க நைனா.”

“அப்ப சரி” என்றார். அவர் நிம்மதியாக விட்ட மூச்சு போனில் கேட்டது. “நீ பக்கத்துல போவாத. மூக்கப் பொத்திக்கோ.”

டிவியில் வந்த பிறகுதான் கம்பெனி படகுகளைக் கூப்பிட்டது, மதியம்தான் சென்னையிலிருந்து இரண்டு இழுவைப் படகுகள் வந்து சேர்ந்தன. நம் கப்பலுக்கு முன்னால் அவை தீப்பெட்டி அளவு இருந்தன. நங்கூரத்தைத் தூக்கவும் கரண்டு இல்லை. சங்கிலியைக் கழற்றிக் கடலிலேயே விட்டோம். படகின் இழுவைக் கயிற்றை மேலே ஏற்றும் மெஷினும் ஓடாது, ஆகவே கையால் இழுக்க வேண்டும். பின்பக்கத்தில் இருந்த ஆண்களை எல்லாம் கூப்பிட்டார்கள். நீயும் கையுறையைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பிடித்தாய். உனக்கு முன்னால் இருந்தவன் நகர்ந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். பின்னால் இருந்தவனும் அப்படியே. அவ்வளவு நீளக் கயிற்றில் உன்னைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது.

படகிலிருந்து ஒரு ஆள் அண்ணாந்து பார்த்துக் கத்தினார். “இன்னாடா அது நடுவுல கேப்பு? சேந்து புடிங்கடா! கரண்ட்தான் இல்ல, கை கூடவா இல்ல?”

அந்த இடத்தில் நான் வந்து நின்றிருக்கலாம். என் கையில் அட்டையும் பேனாவும் இருந்தன.

கயிறு இறுகி, கப்பல் நகர்ந்ததும் மேல்தளத்தில் பயணிகள் கைதட்டினார்கள். படகுகளோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். முட்டுக்காடு தாண்டி, மெரினா தாண்டி, முரட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போவது மாதிரி ஒன்று முன்னால் இழுக்க, ஒன்று பின்னால் பிடிக்க, துறைமுகத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கரையில் டிவிக்காரர்கள் காத்திருந்தார்கள். நரகத்தை அனுபவித்தோம் என்றார் ஒரு பயணி. அவர் பின்னால் நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாய். உன்னை எவனும் ஒன்றும் கேட்கவில்லை.

போவதற்கு முன்னால் என் அறை வாசலில் நின்று நீ பேசினாய், அதுதான் கடைசிப் பேச்சு. “எங்கப்பா வேலய இங்கிலீஷ்ல சொன்ன பாரு மச்சான். ரொம்ப டீசென்ட்டா இருந்திச்சி.” நீ கத்தியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், நானும் திருப்பிக் கத்தி, ஒரு மாதத்தில் டீக்கடையில் சேர்ந்திருப்போம். அதற்கு நீ வழி வைக்கவில்லை. நீயும் லேசுப்பட்டவன் இல்லை.

நெருக்கடியில் சிறப்பாகப் பணியாற்றியதாகக் கம்பெனி எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. அதைக் காட்டித்தான் இந்த மாமல்லபுரம் ஓட்டலில் மேனேஜர் ஆனேன். நீ பொத்தேரியில் ஒரு மாணவர் மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் போன் செய்தபோதெல்லாம் நீ எடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, வேலை முடிந்து பைக்கில் வரும்போது ஜிஎஸ்டி ரோட்டில் லாரி. அவ்வளவு சுலபமாக முடித்துக்கொண்டாய்.

உன் வீட்டுக்கு வந்தேன். ஷாமியானா போட்டிருந்தார்கள். தெரு முழுக்க இருந்தது. என் அப்பாவும் அம்மாவும்கூட. உன் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பல் நின்ற கதை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தார்.

“தோ, இவன்தான் கூட இருந்தான். நீ சொல்லுடா. கப்பலே நாறுச்சாமே, எம் புள்ள அத்த கையால தொட்டானா?”

“இல்லப்பா.”

“சொன்னேன்ல?” என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, விடாமல், அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டார். “பின்ன யாருடா அள்ளுனது?”

வேறு ஆட்கள் என்று சொல்லியிருக்கலாம், நீ சொல்லிக்கொடுத்த பதில்தானே.

“நான்தாம்ப்பா” என்றேன்.

என் அப்பா எழுந்து ஷாமியானாவை விட்டு வெளியே போனார். அவர் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. உன் அப்பா என் கையை விடவில்லை. விரித்துப் பார்த்தார், முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். ஓட்டல் சோப்பு வாசனைதான் இருந்திருக்கும். ஒரு பையைக்கூடத் தொடாத கை அது. “அய்யோ பாவி, படிச்ச புள்ளயாச்சே நீ” என்று எனக்காக அழுதார். உன் பிணத்தை வைத்துக்கொண்டு எனக்காக அழுதார். பிறகு என் காதோரம் மெதுவாகச் சொன்னார். “சோப்பு போட்டா போவாது. புளி போட்டுத் தேய்க்கணும். நான் கொண்டாந்து தர்றேன்.”

அன்றிலிருந்து மாதம் தவறாமல் கொண்டுவருகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. தெருவில் என் பெயர் இப்போது ‘கப்பல்ல அள்ளுனவன்’. பெண் பார்க்கப் போன இடத்திலும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. உன் பெயரில் ஒரு துளிகூடப் படவில்லை, உன் அப்பா தினமும் துடைத்து வைக்கிறார்.

நேற்று சாயந்திரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து போன் செய்தார்.

“புளி வந்துச்சா?”

“வந்திச்சிப்பா.”

“தேச்சியா? இப்பவாச்சும் நாத்தம் போச்சாடா?”

“இன்னும் கொஞ்சம் கீதுப்பா” என்றேன்.

“அப்ப அடுத்த மாசமும் கொண்டாறேன்” என்றார்.