உப்பில்லாத நீர்

எல்லாம் வல்லவனின் காவல் உங்கள் வலப்புறமும் இடப்புறமும் நிற்பதாக.

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி வழக்கம்போல். வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. உங்கள் மனைவி, தான் நலமாக இருப்பதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

முன்பு எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி வரவில்லை. அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. பகலெல்லாம் பிறர் கப்பலுக்குச் சாயம் பூசி ஓய்ந்த கை, மாலையில் பேனாவைத் தேடாதுதான். ஆயினும் இந்தக் கடிதத்தை மட்டும் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரி வரை படித்தருள வேண்டும். இது படகைப் பற்றியது.

நீங்கள் போனது முதல் படகு கரையிலேதான், கட்டைகளின் மேல், தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அலை புகுந்தாலும் படகை அமிழவிடாமல் தாங்குகிற அந்த முன்பக்கக் காற்றறையை நீங்கள் எப்படி மூடி முறுக்கிவிட்டுப் போனீர்களோ, அப்படியே வைத்திருந்தாள் என் மகள். "அவர் மூடினது, அவரே வந்து திறக்கட்டும்" என்பாள். வெறுமனே விட்டுவைக்கவும் இல்லை. மூடியின் விளிம்பிலே வாரந்தோறும் மெழுகு தேய்த்து, எறும்பு மூச்சுவிடவும் இடமில்லாமல் காத்து வந்தாள்.

ஆறிய புண்ணைக் கிளறுவது என் நோக்கமன்று. ஆனால் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. அந்த அறைக்குள் நீர் கண்டபோதெல்லாம் நீங்கள் மேலும் மேலும் மக்குப் பசை வைத்து அடைத்தீர்கள். காற்றுப் போக இருந்த இரு துளைகளையும் அடைத்தீர்கள். நீர் கூடியதே தவிரக் குறையவில்லை. படகுத்துறையில் பலர் நடுவே உங்கள் தம்பி, "அண்ணன் வச்ச பலகை மூட்ட நம்பி என் புள்ளைங்கள ஏத்த மாட்டேன்" என்றார். நீங்கள் உளியைக் கீழே வைத்தீர்கள். பிறகு ஊரையும் விட்டீர்கள்.

வரும் பருவத்துக்குப் படகை இறக்குவதற்காக, முன்பக்கப் பலகைகளை அடியோடு பிரித்து வேறு போடுவது என்று தம்பி முடிவு செய்து, தச்சரை அழைத்து வந்தார். மனிதர்களைவிட மரத்தோடு அதிகம் பேசுவதால் துறையில் முணுமுணுப்பார் என்று பெயர் பெற்றவர் அவர். கடப்பாரையைக் கண்டதும் என் மகள் குறுக்கே போய் நின்றாள்.

"அதத் தொட்டீங்கன்னா நான் இங்கேயே படுத்துக்குவேன்" என்றாள்.

"தாராளமா படும்மா, தார்ப்பாய் நிழல் இருக்கு. மூடிய மட்டும் திறந்து காட்டிட்டுப் படு" என்றார் தச்சர்.

வேறொருவர் கைபட விடாமல் தானே திருப்புளி எடுத்துத் திறந்தாள். ஈரத்துணியைப் பெட்டியில் மறந்துவிட்டாற் போன்ற வாடை எழுந்தது. மூடியின் உட்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர். அடியில் விரல் மூழ்கும் அளவு தேக்கம்.

"பாத்தீங்களா, ஒழுகிக் கெடக்கு" என்றார் தம்பி.

"துடைச்சுக் காயவச்சிதானே அண்ணன் மூடினாரு? கட்டை மேல நிக்கிற படகுக்குள்ள கடல் என்ன நடந்தா வந்துச்சு?" என்றார் தச்சர்.

என் மகள் மூடியில் தொங்கிய ஒரு துளியை விரலால் எடுத்து நாவில் வைத்தாள். பின் குனிந்து அடிநீரையும் தொட்டு வைத்தாள். "உப்பு இல்ல" என்றாள். மறுபடியும், தம்பியைப் பார்த்து, "உப்பே இல்ல. நீங்களும் வாயில வச்சுப் பாருங்க." அவரும் வைத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தார். பிறகு அருகிலிருந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை, அது கடல்நீர் அன்று. எந்த நாளும் அன்று. மரத்துக்குள் இருந்த ஈரத்தை வெயில் ஆவியாக்க, அந்த ஆவி வெளியேற வழியின்றிக் குளிர்ந்த மூடியில் நீராகக் கோத்துச் சொட்டியிருக்கிறது. மரம் அதையே மீண்டும் குடித்திருக்கிறது. நீங்கள் அடைக்க அடைக்க அறை உள்ளுக்குள் வியர்த்திருக்கிறது. உங்கள் மூட்டில் தச்சர் கத்திமுனையை வைத்து அழுத்திப் பார்த்தார், நுழையவில்லை. "இதப் பிரிக்கப் போனா என் உளிதான் உடையும்" என்று முணுமுணுத்தார். அடிப்பலகை இரண்டின் ஓரம் மட்டும் ஊறிய ரொட்டிபோல் ஆகியிருந்தது. அந்த ஓரங்களை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு சேர்த்தாயிற்று. துளைகளிலிருந்த மக்கையும் சுரண்டியாயிற்று. ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும் இருப்பதால் காற்று ஒருவழி நுழைந்து மறுவழி போகிறது. உங்கள் மூட்டை யாரும் தொடவில்லை.

கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் தம்பி வந்து வாசலிலேயே நின்றார். "நான் எழுதினா பிரிக்கவே மாட்டாரு மாமா. வாய் தவறிடுச்சுன்னு நீங்க எழுதுங்க" என்றார். படி இறங்கியவர் திரும்பி வந்து, "இல்ல, வாய் தவறலன்னு எழுதுங்க. பயந்துட்டேன்னு எழுதுங்க" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இப்போது மூடி திறந்தே இருக்கிறது. தினமும் காலையில் என் மகள் அறைக்குள் தோள்வரை கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "காஞ்சிருக்கு" என்கிறாள், யாரிடம் என்றில்லாமல். பிரிந்த தலைவியின் பாட்டுக்கு உரை சொல்லி அவை முழுவதையும் கண்கலங்க வைத்தவன் நான்; என் வீட்டிலேயே அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போது என்ன உரை சொல்வதென்று தெரியவில்லை. நலமாக இருப்பதாக எழுதச் சொன்னாள் என்று மேலே எழுதினேன். அது அவள் சொன்னது. நான் காண்பதை எழுதவில்லை. நீங்களே வந்து காணுங்கள்.

துளைகளுக்கு மரத்தில் இரண்டு அடைப்பான்கள் கடைந்து வைத்திருக்கிறார் தச்சர். இன்னும் பொருத்தவில்லை, அது உங்கள் கைவேலை என்கிறார். கடலில் இருக்கும்வரை இறுக மூடியிருப்பதில் தவறே இல்லையாம். கரை சேர்ந்ததும் திறந்துவிட வேண்டுமாம், அவ்வளவுதானாம்.

பருவம் பிறக்குமுன் அந்த இறைவன் உங்களைக் கரை சேர்ப்பானாக என்று காலையும் மாலையும் கைகூப்புகிறேன். மீதியை நீங்கள்தான் செய்ய வேண்டும், மாப்பிள்ளை.

என்றும் உங்கள் நன்மையே வேண்டும்,
மாமனார்