மனையியல் துறைக்கு மாற்றல்

ஜூன் 4, செவ்வாய்

மாற்றல் உத்தரவு வந்தேவிட்டது. வேதியியலிலிருந்து மனையியல் துறைக்கு, பொறுப்புத் தலைவராக. இத்தனை வருடம் குடுவையும் கரைசலுமாக இருந்தவளைத் தூக்கி அடுப்பங்கரையில் போட்டுவிட்டார்கள்.

முதல்வர் குரலைத் தணித்துச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்தத் துறையை மூடத்தான் போறோம். சீனியர் ஒருத்தர் அங்க இருந்து பாத்துட்டு, மூடலாம்னு ஒரு அறிக்கை குடுத்தா நல்லா இருக்கும். அது முடிஞ்சா வேதியியல் தலைமை உங்களுக்குத்தான்."

தலைமை என்றால் யாருக்குக் கசக்கும்? சரி என்றுவிட்டேன். வீட்டில் சொல்லத்தான் கூச்சம். அத்தை கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். "நீ சமையல் சொல்லித் தரப் போறியா? உன் கையால சாப்பிட்டவங்க யாரும் அந்தப் பக்கம் வராம பாத்துக்கோ." என் வீட்டுக்காரர் அம்மா பக்கமும் சாயவில்லை, என் பக்கமும் சாயவில்லை. தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஜூன் 6

போனேன். வந்தேன். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கல்லூரிக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகையைத் தாண்டி, ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். நிரந்தர ஆசிரியர் என்று மிஞ்சியிருப்பவர் ஒருவர்தான். துணியியல் நடத்துகிறார். இதே துறையில் படித்து இங்கேயே வேலைக்கு வந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை. "கடையை அடைக்க வந்திருக்கீங்க, அதானே? பூட்டு அந்த மேசை மேல இருக்கு."

கோபம் வந்தது. சமையல் பயிற்சிக்கூடத்துக்குள் போய் நின்றுகொண்டேன்.

நின்றதும்தான் கண்ணில் பட்டது. மேடை முழுக்க அமிலம் தாங்கும் ஓடு. ஒவ்வொரு இடத்திலும் குறுகிய வாய் வைத்த எரிவாயுக் குழாய் — சமையல் அடுப்புக்கு இது பொருந்தாது, ஆய்வக பர்னருக்குத்தான் பொருந்தும். மூலையில் கண்ணாடிக் கதவை மேலே தூக்குகிற மாதிரி ஒரு கூண்டு, அதன் தலையில் புகைபோக்கி. நச்சுப்புகை வெளியேற நாங்கள் வைத்திருக்கிற அதே கூண்டு. ரொட்டி சுட இதெல்லாம் எதற்கு?

இது சமையலறையே இல்லை. வேதியியல் ஆய்வகம்.

துணி ஆசிரியையிடம் கேட்டேன். முதன்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "பெரிய டீச்சர் கட்டினது. இந்தத் துறையோட முதல் தலைவி. அவங்ககிட்ட முதல் வருஷமே படிச்ச ஒருத்தங்க இன்னும் இருக்காங்க. போய்ப் பாருங்களேன்."

ஜூன் 23, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்கான உணவுப் பிரிவை உண்டாக்கி, ஓய்வு பெறும் வரை நடத்தியவர். கதவைத் திறந்ததுமே, "காபி சர்க்கரை இல்லாமத்தான் கிடைக்கும், பரவால்லையா?" என்றார்.

பெரிய டீச்சர் வேதியியலில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாம். எங்கள் துறையில் வேலை கேட்டிருக்கிறார். ஆண்கள் இருக்கும் ஆய்வகத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்றிருக்கிறார்கள். வேண்டுமானால் பெண்களுக்குச் சமையல் வகுப்பு தொடங்கப் போகிறோம், வருகிறீர்களா?

"உடனே சரின்னுட்டாங்க. ஆனா கட்டட வரைபடத்தை அவங்களே போட்டுக் குடுத்தாங்க. அடுப்புக் குழாய், அடுப்பு மேடை, அடுப்புப் புகைபோக்கின்னு எழுதினா எவன் கேள்வி கேக்கப் போறான்? அடுப்புதானே!"

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

பால் ஏன் திரிகிறது, மாவு ஏன் உப்புகிறது, சோப்பு அழுக்கை எப்படிப் பிடிக்கிறது, மாவில் கலந்த சுண்ணாம்பை எப்படிக் கண்டுபிடிப்பது — பாடத்தின் பெயர் சமையல், நடந்தது வேதியியல். ஊரில் 'சட்டிப்பானை காலேஜ்' என்று கேலி. பிறகு ஒரு வருடம் பெருவெள்ளம். முகாமில் கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இந்தப் பெண்கள் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியிருக்கிறார்கள்.

"ஒரு குழந்தையும் சாகலைன்னு சொல்ல மாட்டேன்மா. செத்துச்சு. என் மடியிலேயே ஒண்ணு போச்சு. ஆனா மத்த முகாமைவிட எங்க முகாம்ல ரொம்பக் கம்மி. அதுக்கப்புறம் யாரும் எங்களை சட்டிப்பானைன்னு கூப்பிடலை."

கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னார்: "வெள்ளத்துக்கு அடுத்த வருஷம்தான் உங்க துறை பொண்ணுங்களுக்குக் கதவைத் திறந்துச்சு. முதல்ல உள்ள போனவ என் பக்கத்து மேடைக்காரி."

எனக்குத் தெரியாது. அந்தக் கதவு என்னவோ எனக்காகத் திறந்தபடியே பிறந்தது என்று நினைத்து உள்ளே நடந்திருக்கிறேன்.

ஜூலை 9

எல்லாமே மெச்சும்படி இல்லை. பழைய வினாத்தாள் ஒன்றில்: 'கணவரின் சட்டையை மடிக்கும் சரியான முறையை விளக்குக.' தொலைபேசியில் அந்த மருத்துவமனை அம்மாவிடமே கேட்டேன். "அதுவும் இருந்துச்சு. அதைக் காட்டினாத்தான் அப்பாமாருங்க அனுப்புவாங்க. மடிச்சோம். மதியானம் நுண்ணோக்கியைப் பாத்தோம்."

என்ன ஒரு நெஞ்சழுத்தம்!

ஜூலை 14, ஞாயிறு

துணி ஆசிரியை இப்போது என்னோடு டீ குடிக்கிறார். மாணவியாக இருந்தபோது வீடு வீடாகப் போய்ப் பெண்களின் முழங்கை உயரத்தை அளந்தாராம். குனிந்து குனிந்து இடுப்பு போகாமல் இருக்க மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்ப்பதற்கு. அந்த அளவைத்தான் இங்கே அரசுக் குடியிருப்புகளில் வைத்துக் கட்டினார்கள்.

வீட்டில் இதைச் சொன்னேன். அத்தை, "இதுக்கெல்லாமா படிப்பு!" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் எட்டிப் பார்த்தால், மேடையில் முழங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் மேடை அவருக்கு ரொம்பவும் தாழ்வு.

"இதை யாரும் முன்னாடியே எனக்குச் சொல்லலையே" என்றார். அதில் கிண்டல் இல்லை.

ஆகஸ்ட் 2

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'மூடலாம்' என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் பேனா நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நிர்வாகக் குழுக் கூட்டம். அறிக்கை இல்லாமல் போனேன். வாயால் சொல்கிறேன் என்றேன். முதல்வர் முகம் சிறுத்துவிட்டது.

அடுப்பு மேடையிலிருந்து ஆரம்பித்து வெள்ளம் வரை சொன்னேன். நிர்வாக உறுப்பினர் ஒருவர், கட்டட ஒப்பந்தக்காரர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாம் சரிங்க. வீட்டைப் பாத்துக்கறதுக்கு எதுக்குங்க ஒரு பட்டம்?"

"உங்க குழந்தைக்குப் பால் தவிர முதல்முதலா என்ன ஊட்டினீங்க சார்?"

"அதெல்லாம் என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"அதனாலதான் சார் இந்தத் துறை வேணும்ங்கறேன். ஆம்பளைப் பசங்களையும் சேக்கணும்ங்கறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மூட வேண்டாம், உணவு வேதியியலைச் சேர்த்துப் பாடத்திட்டத்தைத் திருத்தித் தருகிறேன் என்றேன். யார் நடத்துவது என்று முதல்வர் கேட்டார்.

நான்தான் என்று சொன்னது என் வாயா?

ஆகஸ்ட் 21

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்! கைக்கு வந்த தலைமை. நானே கொண்டுபோய்க் குப்பையில போட்டேன். இவர்கிட்ட சொன்னா, "நீ நேத்தே சந்தோஷமாத்தானே வந்த?" ங்கறார். சந்தோஷமாவா வந்தேன்? இவருக்கு எப்படித் தெரியும்? — வந்தேன்தான் போல.

செப்டம்பர் 17

மூடுவது தள்ளிவைப்பு. அடுத்த வருடச் சேர்க்கை நன்றாக வந்தால் தொடரலாம். வராவிட்டால் பூட்டு. வேதியியல் தலைமை என் பழைய மாணவருக்குப் போனது. இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். கசக்கவில்லை என்று எழுதினால் பொய்.

மே 30

விண்ணப்பம் வாங்க வந்த ஒரு தகப்பன், "பையனுக்கு இதுல என்ன மேடம் எதிர்காலம்?" என்றார். முழுசாக ஒரு மணி நேரம் பேசினேன். எழுந்து போய்விட்டார். சாயங்காலம் மகனோடு திரும்பி வந்தார்.

ஜூலை 1, செவ்வாய்

வகுப்பு நிறையவில்லை. பூட்டவும் வேண்டியதில்லை.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பினோம். வீடுகளில் குடிதண்ணீரை எதில் பிடித்து எப்படி மூடி வைக்கிறார்கள் என்று பார்த்து வர. மதியம் ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். "ஒரு வீட்லகூட கதவைத் திறக்கலை மேடம். ஏதோ விக்க வந்திருக்கோம்னு நினைக்கறாங்க."

துணி ஆசிரியை அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"முகத்தைக் கழுவு. நாளைக்கு நானும் உன்கூட வர்றேன்" என்றேன்.

நல்ல காலணி ஒன்று வாங்க வேண்டும். இந்தச் செருப்பு தெருத் தெருவாக நடக்கத் தாங்காது.